சைக்கிளில் தூரம் போக நம்ம ஊர் உணவே போதும்

சுப்ஹுக்குப் பிறகு நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி வரை சைக்கிள் மிதித்துத் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர். வரும் வழியில் கால் தளர்ந்து, தலை கிறுகிறுத்தால் தண்ணீர் மட்டுமே குறை என்று எண்ணிவிட வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, வேகமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பெருமளவு தீர்ந்துவிடும். வெறும் வயிற்றில் கிளம்பியவருக்குத் தளர்ச்சி முன்பே வரும்.

நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. நான்கைந்து பேரீச்சம்பழமும் ஏறக்குறைய அவ்வளவே தரும். எனவே கிளம்பும்போது ஒரு ஏத்தன்பழம் சாப்பிடுங்கள். பையில் மட்டிப்பழமும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும். பசிக்கும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். வியர்வையில் போகும் உப்புக்கு, உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் நல்லது. பரோட்டாவும் எண்ணெய்ப் பலகாரமும் செரிக்க நேரமாகும், வழியில் வேண்டாம். வீடு திரும்பியதும் கஞ்சியும் பயறும் சாப்பிட்டால் தசை தேறும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே நீண்ட தூரம் செல்ல வேண்டும். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அதற்காக ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை எப்போதும் பையில் இருக்கட்டும்.