மார்கழிப் பனியும் படகின் பொருத்துவாயும்

தை பிறக்கும் நாளில் நம்மவர் பொங்கலிடும் வேளையில், வங்கத்தில் இலட்சக்கணக்கான மக்கள் கங்காசாகரத்தில் நீராடுகின்றனர். கொல்கத்தாவிலிருந்து தெற்கே செல்வோர் காக்துவீபத்தை அடுத்த ‘லாட் எட்டு’ என்னும் துறையில் கலமேறி, மூரிகங்கை ஆற்றைக் கடந்து கச்சுபேரியாவில் இறங்குகின்றனர். குளிர் மிகுந்த நாட்களிலேதான் கலங்கள் பெருங்கூட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, அதற்கு முன் மார்கழியில் செய்யப்படும் பழுதுபார்ப்பு உயிர்காக்கும் வேலையாகும்.

படகில் நீர் புகும் வழி எது? பலகைகளின் இணைப்பு மட்டுமே எனப் பலர் எண்ணுவர். ஆனால், கயிறு கட்டும் கொண்டி, கைப்பிடிக் கம்பி, சாளரச் சட்டம் ஆகியவற்றைப் பொருத்தத் துளைத்த ஒவ்வோர் ஆணித்துளையும் நீருக்கு ஒரு வாயிலே. அங்குக் கசியும் நீர் படகை உடனே மூழ்கடிப்பதில்லை. மரத்தினுள் தங்கி அதனை இற்றுப்போகச் செய்கிறது, இரும்பைத் துருவேற்றுகிறது. பின்னர் ஒரு நாள், காற்றில் கயிறு இழுபடும்போது கொண்டி பெயர்ந்து விடுகிறது.

இவ்வாயில்களை அடைக்கும் கலை பழமையானது. இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்துக் கீல் பூசுவதைத் தமிழில் ‘கலப்பற்று’ என்பர். வங்கத்துப் படகோட்டிகள் ‘காப்’ என்னும் காயின் துவர்ச்சாற்றையும், ‘ஆல்காத்ரா’ என்னும் தாரையும் பூசி வந்துள்ளனர். அக்காப், நமது பனிச்சையே. இன்று பாலியூரித்தேன், பாலிசல்ஃபைடு, சிலிக்கோன் முதலிய அடைப்புப் பசைகளும் வழக்கில் உள்ளன.

பொருள் எதுவாயினும், குளிர் இருவகையில் இடையூறு செய்கிறது. முதலாவது, பசை தடித்து மூலைமுடுக்குகளிற் பரவாது, இறுகவும் நாளாகும். எனினும், பல பசைகளுக்கு விதிக்கப்படும் கீழெல்லை சுமார் 5 டிகிரி செல்சியஸ். கொல்கத்தாவின் ஜனவரி இரவுகளோ சராசரியாகச் சுமார் 14 டிகிரி. ஆகவே, இங்குப் பெரிய பகை இரண்டாவதான பனியீரமே.

தெளிந்த இரவில் உலோகம் தன் வெப்பத்தை வெளிவிட்டு, சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்து விடுகிறது. காற்றின் ஈரம் அதன்மேற் படிகிறது. குளிர்காலக் காலையில் ஹௌராத் துறையில் நிற்கும் படகின் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் கையை நனைக்கும். அதன்மேல் இட்ட பசை உலோகத்தைப் பற்றாது. பாலியூரித்தேன், சிலிக்கோன் பசைகளிற் பல, காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவன என்பது உண்மைதான். ஆனால், ஈரம் காற்றில் இருக்கலாம். ஒட்டும் பரப்பில் இருத்தலாகாது.

ஆகையால், வெயிலேறி உலோகம் கைக்கு இதமான பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பரப்பை நன்றாக உலர்த்துதல் அவசியம். பசைக்குழாயை முந்திய இரவே அறைக்குள் வைத்திருக்கலாம். அல்லது வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தலாம். தீயிற் காட்டுவது ஆபத்து.

மரையாணியை முதலில் ஓரளவே முடுக்க வேண்டும். முழுவதும் முடுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். பசை இறுகிய பின்னர், ஆணியின் தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு, மரையை மட்டும் திருகி முடுக்குதல் நலம். தலை சுழன்றால், பற்றிய பசை அறுந்துபோகும். மாலைப் பனி இறங்குமுன் அன்றைய வேலையை முடித்து, குழாயின்மேல் குறித்த காலத்தினும் சற்று அதிகமாகவே பொறுத்திருக்க வேண்டும்.

திருவிழா நெருங்க நெருங்க, படகை விரைந்து நீரில் இறக்கும் ஆவல் மிகும். அவ்வேளையில் வெயிலுக்காகச் சில நாழிகை காத்திருப்பவரைச் சோம்பர் எனக் கருதுதல் தகாது. நாமும் நம் குழந்தைகளும் கரை சேர்வது அவருடைய பொறுமையினால்தான்.