ஸ்கிரீன்ஷாட்டில் படம் மட்டும் கறுப்பாவது ஏன்?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஓடும் படத்தை பிரின்ட் ஸ்கிரீன் விசையால் பிடித்து பெயின்ட்டில் ஒட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும்: ஒட்டிய படத்துக்குள்ளேயே வீடியோ ஓடும்! பிளேயரை மூடினால் வெறும் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும்.

காரணம் 'ஓவர்லே'. வீடியோவின் நிறங்களைத் திரைக்கேற்ற நிறங்களாக மாற்றுவதும், அளவைப் பெரிதாக்குவதும் அன்றைய பிராசஸருக்குப் பெரும் சுமை. அதனால் அந்த வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் விட்டுவிட்டு, பிளேயர் தன் கட்டத்தில் ஒரே நிறத்தைப் பூசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில், அந்த நிறம் தென்படும் புள்ளிகளில் கிராபிக்ஸ் கார்டு வீடியோவை நிரப்பும். பிரின்ட் ஸ்கிரீனோ டெஸ்க்டாப் நினைவகத்தை மட்டுமே நகலெடுக்கும். அங்கே இருப்பது பூசிய நிறம்தான். பெயின்ட்டில் அதே இடத்தில் அதே நிறம் வந்ததும் கார்டு ஏமாந்துவிடும்.

டெஸ்க்டாப் நினைவகத்தை நம்பாமல் படத்தைப் பிடிக்கவும் வழி உண்டு: விளையாட்டுகளைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ் போன்ற மென்பொருள், விளையாட்டு ஒவ்வொரு பிரேமையும் திரைக்கு ஒப்படைக்கும் இடத்திலேயே குறுக்கிட்டு நகலெடுக்கிறது.

இன்று ஓடிடி படங்கள் கறுப்பாவது வேறு கதை. அது பதிப்புரிமைப் பூட்டு, வேண்டுமென்றே செய்வது. உங்கள் சொந்த வீடியோ என்றால் விஎல்சியில் ஷிப்ட்டுடன் எஸ் விசையை அழுத்துங்கள். பிரேம் நேரடியாகக் கோப்பாகிவிடும்.