உஷார்! வடக்கு ஆஸ்திரேலியாவில் கேரவன் பயணம் போகிறீர்களா?

ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் ஆஸ்திரேலியாவில் குளிர்காலப் பள்ளி விடுமுறை. சிட்னியும் மெல்பர்னும் குளிரில் நடுங்கும்போது வடக்கே இதமான வெயில் அடிக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து, கெய்ர்ன்ஸில் கிளம்பி டார்வின் வரை ஆற அமரப் போகலாம் என்று திட்டம் போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அந்த நிலம் நம்மை ஏமாற்றும். கெய்ர்ன்ஸிலிருந்து தெற்கே இறங்கினால் இன்னிஸ்ஃபெயில், டல்லி பக்கமெல்லாம் வாழைத் தோட்டம். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை கரும்பு. மேற்கே ஏறினால் மரீபாவில் மாந்தோப்பு. வண்டி ஓட்டுவதும் நம்மைப் போல இடது பக்கம்தான். அரை நாளில் மனசு சொல்லிவிடும்: "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" அந்த நினைப்பு வந்த நிமிஷமே ஆபத்தும் தொடங்கிவிடுகிறது. ஊரில் ஆற்றைக் கண்டால் என்ன செய்வோம்? இறங்கிக் கால் நனைப்போம். சாப்பிட்ட பாத்திரத்தைப் படித்துறையில் கழுவுவோம். பிள்ளைகளை முட்டளவு தண்ணீரில் நிற்கவைத்துப் படம் எடுப்போம். அங்கே இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யக்கூடாது.

காரணம், உவர்நீர் முதலை. ஐந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மிருகம் அது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு ஏறக்குறைய அழிந்துபோன இனத்தை வடக்குப் பிரதேசத்தில் 1971இலும் குயின்ஸ்லாந்தில் 1974இலும் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று வடக்குப் பிரதேசத்தில் மட்டும் சுமார் ஒரு லட்சம் முதலைகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கடலோரக் கழிமுகத்தோடு அவை நிற்பதில்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, குடிக்கிற மாதிரித் தெளிந்த நன்னீர் மடுவிலும் இருக்கும். எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டால் முதலை இல்லை என்று அர்த்தமில்லை, பலகை நடப்படவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

ஆற்றோரத்தில் முகாம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டீத்தூளை அலசப் பாத்திரத்தோடு கரைக்குப் போகிறீர்கள். தண்ணீர் அசைவில்லாமல் கிடக்கிறது, கலங்கல். குனிகிறீர்கள், கழுவுகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே இடம். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்கு தைரியம் வருகிறது. நீருக்கடியில் கிடக்கிற முதலைக்கோ உங்கள் வழக்கம் பிடிபட்டுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட அதால் மூச்சடக்கிக் கிடக்க முடியும். முழங்கால் ஆழத் தண்ணீரே அது மறைந்துகொள்ளப் போதும். பாயும்போது திரும்பி ஓட நேரமே இருக்காது. அதனால்தான் குயின்ஸ்லாந்து அரசு திரும்பத் திரும்பச் சொல்கிறது: நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 50 மீட்டராவது தள்ளி முகாம் போடுங்கள், மீன் கழுவிய கழிவையும் மிச்சச் சோற்றையும் தண்ணீரோரம் கொட்டாதீர்கள். சோறு கொட்டுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை அங்கே மறந்தே ஆகவேண்டும். நீங்கள் கொட்டிவிட்டுப் போன இடத்துக்கு முதலை வந்து பழகும். அடுத்து அங்கே கூடாரம் போடுகிறவரின் குழந்தைதான் அகப்படும். கரையின் விளிம்பிலும் நிற்காதீர்கள், மண் சரியும். படகு இறக்கும் சரிவுகளில், சேற்றில் வயிறு இழுபட்ட வழவழப்பான தடம் தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு உடனே விலகுங்கள்.

குளிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். குளிக்கலாம், அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. டார்வினுக்குத் தெற்கே லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்காவில் ஃபுளோரன்ஸ், வாங்கி அருவிகள். மழைக்காலம் முடிந்ததும் வனத்துறையினர் முதலை வந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் குளிக்கத் திறப்பார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். தடுப்பைத் தாண்டி நாலு பேர் இறங்கியிருக்கிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள்.

கடலும் அப்படித்தான். குயின்ஸ்லாந்தின் வடகரையில் நவம்பரிலிருந்து மே வரை, டார்வின் பக்கம் அக்டோபரிலிருந்தே, பாக்ஸ் ஜெல்லி என்கிற சொறிமீன் கரைக்கு வரும். உடல் கண்ணாடி போல இருப்பதால் தண்ணீரில் தெரியாது. இழைகள் மூன்று மீட்டர் நீளம்வரை போகும். மேலே அதிகம் பட்டால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடலாம். கடற்கரையில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். பட்ட இடத்தில் அரை நிமிடமாவது அதை ஊற்றுங்கள், 000 எண்ணை அழையுங்கள், மூச்சு நின்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். தேய்க்கவும் வேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். விரல் நகமளவே இருக்கும் இருகாண்ட்ஜி என்ற இன்னொரு சொறிமீன், குளிப்பதற்காகக் கட்டிய வலைக்குள்ளும் புகுந்துவிடும். பட்டபோது லேசாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் கழித்து இடுப்பு ஒடிகிற வலியும் வாந்தியும் வியர்வையுமாகப் படுத்தும். "சின்னக் கடிதானே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ரோட்டில் போய்விடாதீர்கள்.

இனி ரோடு. இடது பக்கம் ஓட்டுகிறோம் என்ற தெம்பில் பலரும் தூரத்தைச் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. கெய்ர்ன்ஸிலிருந்து டவுன்ஸ்வில், மவுன்ட் ஐசா வழியாக டார்வின் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். வழியில் கமுவீல் என்ற ஊரை விட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் பார்க்லி ஹோம்ஸ்டெட், சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி. இடையில் டீக்கடையும் இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. அரை டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடந்து போகாதீர்கள், வண்டியோடே இருங்கள். வண்டியை வானத்திலிருந்து கண்டுபிடிக்கலாம், தனியாக நடக்கும் மனுஷனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆளுக்கு நாளைக்கு நாலைந்து லிட்டர் வீதம், தேவைக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்காவது குடிநீர் வைத்திருங்கள். சாட்டிலைட்டுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி வாடகைக்கே கிடைக்கிறது. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இருட்டின பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் இறங்கியதும் இருட்டிவிடும். கங்காருக்கள் மேயவரும் நேரம் அதுதான். வேலியில்லாத பண்ணைகளிலிருந்து கருத்த மாடுகள் வந்து, பகலில் சூடேறிய தார் ரோட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். ஹெட்லைட்டில் தெரிவதற்குள் இடித்திருப்பீர்கள். குறுக்கே ஏதாவது பாய்ந்தால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். பிரேக்கை அழுத்தி நேராகப் போங்கள். மோட்டார் ஹோம் உயரமான வண்டி, வெட்டினால் கவிழும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: பல வாடகை ஒப்பந்தங்களில் ஊர் எல்லைக்கு வெளியே இரவு ஓட்டினாலோ, மண் ரோட்டில் இறங்கினாலோ, தண்ணீரைக் கடந்தாலோ இன்சூரன்ஸ் செல்லாது. வண்டியின் கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஆகும் சேதம் அதில் பெரும்பாலும் சேர்வதே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அப்புறம் ரோடு டிரெயின். ஒரே லாரி, பின்னால் மூன்று டிரெயிலர், மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை. நம்ம ஊர்ப் பேருந்து நாலைந்தை வரிசையாக நிறுத்திய நீளம். முந்த வேண்டுமானால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ரோடு காலியாகத் தெரியவேண்டும். எதிரே வரும்போது அதன் காற்று உங்கள் வண்டியை முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இடது ஓரமாக, வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டுகிறவர்கள் நினைத்ததும் நிறுத்திவிட முடியும் என்று கனவிலும் நினைக்காதீர்கள். கரும்புப் பகுதியில் ஜூனிலிருந்து டிசம்பர்வரை அறுவடைக் காலம். கரும்பு ஏற்றிய குட்டி ரயில்கள் இரவு பகலாக ரோட்டைக் குறுக்கே கடக்கும். பல இடங்களில் கேட் கிடையாது. அவற்றாலும் சட்டென்று நிற்க முடியாது.

சமையலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வெளியே குளிர்கிறது என்று அடுப்புக் கரியை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஜூலையில் முடியாது, டிசம்பர் லீவில் போகிறோம் என்கிறவர்களுக்கு என் ஒரே பதில்: வேண்டாம். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை அங்கே மழைக்காலம். டல்லி ஊரில் 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொன்னிற ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது. 1950இல் ஒரே வருஷத்தில் அங்கே கொட்டிய மழையின் உயரம் அது. 2023 ஜனவரியில் ஓய்ந்த புயலொன்றின் மிச்ச மழையில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரின் பாலமே உடைந்தது. வடமேற்கின் முக்கிய தார் ரோடு அறுபட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஜாஸ்பர் புயலுக்குப் பின் கெய்ர்ன்ஸ் பகுதியே வெள்ளத்தில் தத்தளித்தது. ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். அடியில் ரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. ககாடுவில் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் காஹில்ஸ் கிராசிங்கில், வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணெதிரே வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் முதலைகள் கூட்டமாகவே இருக்கும்.

அதையும் மீறிப் போகிறீர்கள் என்றால், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதை மட்டுமாவது மனசில் வையுங்கள். டார்வின் சுற்றுவட்டார மண்ணிலும் சேற்றிலும் மீலியோடோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. மழை பெய்யும்போது அது மேலே வரும். காலில் உள்ள சின்ன வெடிப்பே உள்ளே நுழைய வழியாகிவிடும், காற்றில் பறக்கும் ஈரத் துளியோடு மூச்சிலும் போகும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைத்தான் அது கடுமையாகத் தாக்கும். அப்பாவோ அம்மாவோ வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்க விடாதீர்கள். மூடிய செருப்பு, காலில் புண் இருந்தால் நீர் புகாத கட்டு. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ ஆறாத புண்ணோ வந்தால், சென்னையோ சிட்னியோ, டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "டார்வின் பக்கம் மழைக்காலத்தில் இருந்தோம், இவருக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு விட்டுவிட்டால் இது ரத்தத்தில் பரவிவிடும். சரியான ஆன்டிபயாட்டிக்கை ஊசியாக நாள்கணக்கில் ஏற்ற வேண்டிய நோய் இது.