நூலுக்கு ஒரு கணக்கு! நோயாளிக்கு?

கோவையிலே நூற்ற 40-ஆம் நம்பர் நூல் சோமனூருக்குப் போகிறது. "இது என்ன நூல்?" என்று ஆலைக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறாரா விசைத்தறிக்காரர்? இல்லை! 840 கெஜம் கொண்ட சிட்டா நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதுதான் 40-ஆம் நம்பர். எந்த ஆலையிலே நூற்றாலும் அதே கணக்கு. எந்தத் தறியிலே ஏறினாலும் அதே கணக்கு!

அந்த நூலை நூற்ற தொழிலாளி நோயில் விழுந்தால்? மஞ்சள் பையிலே சீட்டுக்கட்டு! கோவையிலே எடுத்த இரத்தப் பரிசோதனை, பல்லடத்திலே மறுபடியும்! கூலியும் போயிற்று, குருதியும் போயிற்று! கணினி இல்லையா? ஈரிடத்திலும் இருக்கிறது. ஒன்று "சுகர்" என்று எழுதுகிறது. மற்றொன்று "குளுக்கோஸ்" என்று குறிக்கிறது. மனிதனுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கோ இரண்டும் வேறு!

வழி தெரியாமலா இந்த வாட்டம்? பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடாக 1994-லேயே பிறந்தது லாய்ன்க். அதனையும், நோய்ப் பெயர்களுக்கு ஸ்னோமெட், படங்களுக்கு டைகாம் ஆகியவற்றையும் சேர்த்து, மின்னணு மருத்துவப் பதிவுக்கான நெறிகளை 2013-லே வெளியிட்டது மத்திய அரசு, 2016-லே திருத்தியது. 2021 செப்டம்பரிலே ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கிற்று. விரும்புவோருக்கு 14 இலக்க எண் தரப்படுகிறது.

வரவேற்கிறோம்! ஏட்டிலே எழுதிய நெறி, சிற்றூர் மருத்துவரின் கணினியிலும் ஏறட்டும் என்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: பெட்டி பயணம் போகட்டும், சாவி யாரிடம்?

நோயாளி ஒப்புதல் தராமல் அவர் பதிவு இடம் மாறக்கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. நல்ல விதி! ஆனால், படித்துப் புரியாத மொழியிலே வந்த அறிவிப்பின்மீது விரல் வைப்பது ஒப்புதலா? 2023-லே நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் அந்த அறிவிப்பைப் பெற வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையிலே இருக்கிறது. கேட்பது பிச்சையல்ல, உரிமை!

தோழர்களே! எண் கேட்டால், எதற்கென்று கேளுங்கள். ஒப்புதல் கேட்டால், யாருக்குப் போகிறது, எத்தனை நாளைக்கு என்று தமிழிலே காட்டச் சொல்லுங்கள்.

நூலுக்குக் கிடைத்த மதிப்பு, அதை நூற்றவனுக்கு வேண்டாமா?