விழிஞ்ஞத்தில் கரையேறும் ஆழ்கடல்

2025 ஜூன் மாதம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எம்.எஸ்.சி. ஐரினா என்ற சரக்குக் கப்பல் வந்தது. நீளம் கிட்டத்தட்ட 400 மீட்டர். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டிகள் ஏற்றலாம். பக்கத்திலேயே பழைய மீன்பிடித் துறைமுகம். அங்கே வழக்கம்போல வள்ளங்கள் மீன் இறக்கிக்கொண்டிருக்கும்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய இந்த ஊருக்கு இயற்கை அள்ளிக் கொடுத்திருக்கிறது. கரையருகே 18 முதல் 20 மீட்டர் ஆழம். கொச்சியைப் போல ஓயாமல் தூர்வார வேண்டியதில்லை. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் கப்பல் தடம் சுமார் 10 கடல் மைல் தொலைவில்தான் போகிறது. ஆனாலும் இந்தியச் சரக்கில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகக் கொழும்பு போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கப்பல் மாறியது.

கடற்படைக்கும் இந்தத் தென்முனை முக்கியம். நம் கப்பல் அணிகள் இரண்டு: மேற்கே மும்பை, கிழக்கே விசாகப்பட்டினம். இடையில் பாக் நீரிணையும் இராமர் பாலத்து மணல்திட்டுகளும் ஆழமற்றவை. ஓர் அணி இன்னொன்றுக்குத் துணை போக வேண்டுமென்றால் பெரிய போர்க்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் ஆகவேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் கொழும்பும் அம்பாந்தோட்டையும் இருக்கின்றன. 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது. 2017-ல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024 மார்ச்சில் மினிக்காய்த் தீவில் ஐ.என்.எஸ். ஜடாயு கடற்படைத் தளம் திறக்கப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தீவுக்கு வடக்கே ஒன்பது டிகிரி கால்வாய், தெற்கே எட்டு டிகிரி கால்வாய். இரண்டிலும் உலகச் சரக்குக் கப்பல்கள் போய்வருகின்றன.

தில்லி இந்த முனையைத் தாமதமாகத்தான் கவனித்தது. பழைய அரசர்கள் அப்படியில்லை. விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். ராஜராஜ சோழன் அதைக் கைப்பற்றினான். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் இறங்கியபோது, அவர்களுக்கு இணையான கப்பற்படை திருவிதாங்கூரிடம் இல்லை. அதன் மன்னர் மார்த்தாண்ட வர்மா கரையில் வைத்தே அவர்களை வென்றார். பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்தார். குட்டநாட்டில் பிறந்த வரலாற்றாசிரியர் கே.எம். பணிக்கர், இந்தியப் பெருங்கடலில் வலுவில்லாமல் இந்தியாவுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 1945-லேயே ஒரு நூலில் வாதிட்டார்.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒரு விலையும் உண்டு. துறைமுகத்தால் கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன என்று சொல்லி 2022-ல் மீனவர்கள் நான்கு மாதத்துக்கும் மேலாகப் போராடினார்கள். நாட்டுக்கு அரணாகும் கரையில் அவர்களுடைய வீடும் நிற்க வேண்டும். அலைதடுப்புச் சுவர் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. மீன்பிடிக்கப் போகும் வள்ளங்கள் இப்போது அதைச் சுற்றிப் போகின்றன.