வலிக்காத கட்டி

மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. "வலிக்கவில்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?" என்று பல பெண்கள் இருந்து விடுகிறார்கள். சிப்பிக்குள் முத்து வளர்வது வெளியே தெரிகிறதா? மார்புப் புற்று நோயும் பெரும்பாலும் அப்படித்தான், ஓசைப்படாமல் வளரும்!

தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலில் அங்கே போய்க் காட்ட வேண்டும். மார்பைப் படம் எடுப்பார்கள். கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வெறும் புரளி.

நோய் உறுதியானால் ஆபரேஷன். சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். சிலருக்கு மார்பையே எடுக்க நேரும்.

அடுத்தது மருந்து ஏற்றுவது. பலருக்கு 3 வாரத்துக்கு ஒரு தடவை. (சிலருக்கு இது ஆபரேஷனுக்கு முன்பே நடக்கும்.) இந்தக் கட்டம்தான் கடினம். குமட்டும். வாய் புண்ணாகும். தலைமுடி கொட்டும். மார்பு போனபோது அழாதவர்கூடக் கூந்தல் போகும்போது அழுவதுண்டு. முடி மறுபடி முளைக்கும், தாயே! பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து.

தேவைப்படுவோருக்குப் பிறகு கதிர் சிகிச்சை. வாரத்துக்கு 5 நாள், சில வாரங்கள். ஒரு தடவைக்குச் சில நிமிஷம். அந்த நேரத்தில் வலி தெரியாது. சிலருக்கு அதன்பின் 5 வருஷம் தினமும் மாத்திரை.

மேல் சிகிச்சைக்குச் சென்னை அடையாறு செல்வோரும் உண்டு. அந்த ஆஸ்பத்திரி ஒரு துக்கத்தில் பிறந்தது. 1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அதை மறக்காத அக்காள் 1954-ல் அதைத் தொடங்கினார்.

முத்துநகர் எக்ஸ்பிரசில் இரவு ஏறினால் காலையில் சென்னை. சோதனைச் சீட்டுகளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள்.