பித்தளை சொல்லும் சேதி

துப்பாக்கி என்றாலே நமக்குச் சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால், மெல்பர்னில் இருக்கும் என் சித்தப்பா, “பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டா செய்வார், பார்க்க வர்றியாம்மா?” என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

அங்கே உரிமம் உள்ளவர்கள் இதைச் சட்டப்படி செய்யலாம். பெரியவர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. அவர் அப்பா பண்ணையில் முயல் வேட்டைக்கு வைத்திருந்த ‘மார்ட்டினி கேடட்’ துப்பாக்கி இப்போது அவரிடம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1911இல் பையன்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி தொடங்கியது. அந்தக் காலத்தில் கேடட்களுக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய துப்பாக்கி இது. பின்னாளில் விற்பனைக்கு வந்து, விவசாயிகள் கைக்குப் போனது. துப்பாக்கி நூறு வருடம் தாண்டியும் உழைக்கிறது. அதற்கான .310 தோட்டாதான் கடைகளில் அரிதாகிவிட்டது. ஸ்பூல் டேப் இயந்திரம் நன்றாக ஓடும், டேப்தான் கிடைக்காது என்று எங்கள் வானொலி மூத்தவர்கள் சொல்வார்களே, அதே கதை.

பெரியவர் கண்ட வழி, .32-20 என்ற இன்னொரு ரகத் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை மாற்றிச் செய்வது. அது கொஞ்சம் நீளம், அடி விளிம்பும் தடிமன். நீளத்தை வெட்டி, விளிம்பை லேத்தில் மெல்லியதாக்குகிறார். ஈயக் குண்டையும் அவரே வார்க்கிறார். குண்டு கூட்டின் வெளிச்சுற்றளவுக்கே இருக்கும். அதன் குறுகிய அடிப்பகுதி மட்டும் கூட்டுக்குள் இறங்கும்.

முதல் முறை சுடும்போது பித்தளை விரிந்து, அந்தத் துப்பாக்கியின் அறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை விரியும்போதும் பித்தளை இறுகும். கடைசியில் ஒருநாள் வெடிப்பு விடும்.

வெடிமருந்து நிறுக்கும் நேரம் வந்ததும் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். அவர் பேத்தி வந்து உட்கார்ந்தாள். கணினித் துறையில் வேலை பார்ப்பவள், அவளுக்கும் உரிமம் இருக்கிறது. “போன வருஷம் ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டேன். இவள்தான் பார்த்துத் தடுத்தாள். சுட்டிருந்தால் என் முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும். அன்றோடு தராசை இவளிடம் கொடுத்துவிட்டேன்” என்றார். சொல்லும்போது அவர் விரல்கள் லேசாக நடுங்கின.

அறுபது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம்! நம் வீட்டுப் பெரியவர்களிடம் கார் சாவியைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆனால் அவருக்கென்று ஒரு வேலை மிச்சமிருந்தது. காலிக் கூடுகளை உள்ளங்கையில் குலுக்கிக் காதருகே வைத்தார். நல்ல கூடு கணீரென்று ஒலிக்கும். வெடிப்பு விட்டது தட்டையாகச் சத்தம் போடும். இருபதில் மூன்றை ஒதுக்கினார். பேத்தி பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மூன்றிலும் முடி போல மெல்லிய கோடு.

ஞாபகத்துக்கு ஒரு காலிக் கூடு கேட்டேன். “விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதே” என்று சிரித்தார். பதிலுக்குக் கைப்பேசியை நீட்டி, அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தேன்.